இரண்டு வருஷம் கிராமமாக இருந்த ஊர்

2004 ஜூன் மாதம் சேவுகம்பட்டி கிராமமானது. அதுவரை அது பேரூராட்சி. ஒரு தெரு குறையவில்லை, ஒரு வீடு இடிபடவில்லை. சென்னையில் போட்ட ஓர் அரசாணையால் தமிழ்நாட்டின் 561 பேரூராட்சிகள் மொத்தமாகச் ‘சிறப்புச் சிற்றூராட்சி’ ஆயின. அவற்றில் திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டைத் தாலுகாவில் இருக்கும் இந்தச் சின்ன ஊரும் ஒன்று. 2006 ஜூலையில் இன்னோர் அரசாணை வந்து எல்லாவற்றையும் பழையபடி பேரூராட்சியாக்கிவிட்டது. பலகையில் பெயர் எழுதிய பெயின்டருக்கு இரண்டு முறை கூலி கிடைத்திருக்கும்.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை, பணம்தான். கிராமப்புற வளர்ச்சிக்கென்று டெல்லி ஒதுக்கும் நிதி, கிராமம் என்று பதிவான இடத்துக்குத்தான் வரும். தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் சூழ்ந்த ஊரை ‘நகர்ப்புறம்’ என்று எழுதி வைத்துக்கொண்டு அந்த நிதியைக் கேட்க முடியாது. ஆகவே எழுதியதை மாற்றினார்கள்.

சென்ற வாரம் திண்டுக்கல் சீமையின் பாளையப்பட்டுகள் ஜமீன்களாகச் சுருங்கியதைப் பார்த்தோம். சண்டை போட்டு எல்லை மாறிய காலம் அது. இந்த வாரம், சட்டம் போட்டு எல்லை மாறிய காலம்.

முதலில் தரையைப் பார்த்துவிடுவோம். தெற்கே வத்தலகுண்டு. அங்கிருந்து வடக்கே வந்தால் சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டி. மலையடியை ஒட்டி அய்யம்பாளையம். அதையும் தாண்டினால் சித்தையன்கோட்டை. மேற்கே கொடைக்கானல் கீழ்மலை சுவர்போல் நிற்கிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை எல்லாம் அதன் மேலே. தாண்டிக்குடிப் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை மருதாநதியாக இறங்குகிறது. அய்யம்பாளையத்தை ஒட்டி அதற்கு அணை உண்டு. தெற்கே மஞ்சளாறு. இரண்டும் வைகையின் கிளைகள். மலையில் விளையும் காப்பி பட்டிவீரன்பட்டிக்கு இறங்கி, அங்கே உள்ள க்யூரிங் ஆலைகளில் தோல் நீங்கித் தரம் பிரிகிறது. அய்யம்பாளையம் நெட்டைத் தேங்காய் என்றால் தோப்புக்காரர்கள் மத்தியில் தனி மதிப்பு. பூவுக்கு நிலக்கோட்டைச் சந்தை.

மேலே சொன்ன அடிவாரத்து ஐந்து ஊரும், வத்தலகுண்டு உட்பட, தனித்தனிப் பேரூராட்சிகள். பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினால், டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் அடுத்த பேரூராட்சியின் வரவேற்புப் பலகை வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், கவுன்சிலர்கள், செயல் அலுவலர், வீட்டு வரிக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் தனித்தனி ரசீது. திண்டுக்கல் மாவட்டத்தில் 306 கிராம ஊராட்சிகளும் 23 பேரூராட்சிகளும் இருக்கின்றன. அந்த 23-இல் ஐந்து இந்த ஒரு மூலையில் நெருக்கிக்கொண்டிருப்பது எப்படி?

திண்டுக்கல்லே சேர்ந்தும் பிரிந்தும் வந்த ஊர்தான். திப்புவிடமிருந்து 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தபோது திண்டுக்கல் தனிக் கலெக்டரைக் கொண்ட சீமை. மதுரை அதன் பிறகுதான் கும்பினி ஆட்சிக்குள் முழுசாக வந்தது. அப்புறம் மதுரை பெரிதாகித் திண்டுக்கல்லை விழுங்கியது. 1985 செப்டம்பர் 15-ஆம் தேதிதான் திண்டுக்கல் மறுபடி தனி மாவட்டமானது.

ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் ஊர்க்காரரின் அன்றாட வாழ்வைத் தொட்ட ‘சர்க்கார்’ என்பது கலெக்டர் கச்சேரி மட்டுமல்ல. ரிப்பன் பிரபு 1882-இல் வெளியிட்ட தீர்மானத்தைத் தொடர்ந்து 1884-இல் சென்னை மாகாணத்தில் தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. மேலே ஜில்லா போர்டு, நடுவே தாலுகா போர்டு, கீழே சில ஊர்களைச் சேர்த்த யூனியன். ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சத்திரம் எல்லாம் இவர்கள் பொறுப்பு. நடுவில் இருந்த தாலுகா போர்டு 1934-இல் போய்விட்டது. ஜில்லா போர்டு நிலைத்தது. அதன் தலைவர் பதவி என்றால் இன்றைய மந்திரிக்குச் சற்றும் குறையாத செல்வாக்கு.

அந்தப் பதவியில் உட்கார்ந்த ஒருவர் சேவுகம்பட்டியின் அண்டை ஊர்க்காரர். பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சவுந்தரபாண்டியன். 1893-இல் பிறந்தவர், சுயமரியாதை இயக்கத்தின் முன்வரிசைக்காரர். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜாரில் சேலை எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் ‘பாண்டி’ இவர்தான் என்று தெரியும்?

1920-களின் கடைசியில் இவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவர். அன்றைய தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மாட்டார்கள். முதலாளிகள் அதை மறைக்கவும் இல்லை, வெளிப்படையான விதியாகவே வைத்திருந்தார்கள். போர்டு போட்ட ரோட்டில் ஓடும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கொடுப்பது போர்டு. ஆகவே சவுந்தரபாண்டியன் நீண்ட உபதேசம் எதுவும் செய்யவில்லை. எல்லாரையும் ஏற்ற வேண்டும், மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். கதவு திறந்தது. ரோட்டுக்கு ஜல்லி கொட்டுவதற்கென்று இருந்த அதிகாரத்தை வைத்து இதைச் செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியதே, அதுதான் பெரிய விஷயம். உள்ளாட்சி வரலாற்றை எழுதுகிறவர்கள் வரி விகிதங்களிலும் சட்டப் பிரிவுகளிலும் மூழ்கி இந்த மாதிரி இடங்களை ஓரிரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஜில்லா போர்டுகள் இன்று இல்லை. 1958-ஆம் வருஷத்துச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் அவற்றுக்கு முடிவு கட்டியது. 1960 அக்டோபர் 2 முதல் படிப்படியாகப் பஞ்சாயத்து யூனியன்கள் அந்த இடத்துக்கு வந்தன. நம் ஐந்து ஊர்களின் புதிருக்கு விடையும் இந்தச் சட்டத்தில்தான். ஜனத்தொகை 5,000-க்குக் குறையாமலும் வருஷ வருமானம் 10,000 ரூபாய்க்குக் குறையாமலும் உள்ள ஊர் ‘டவுன் பஞ்சாயத்து’ என்றது சட்டம். அவ்வளவுதான் அளவுகோல். பக்கத்து ஊர் எவ்வளவு தூரம், ஒரே வாய்க்கால் தண்ணீரா, ஒரே சந்தையா என்ற கேள்வியே இல்லை. தோப்பும் தோட்டமும் காப்பி வியாபாரமும் உள்ள செழிப்பான அடிவாரத்தில் ஐந்து ஊர் தனித்தனியே அந்த அளவைத் தொட்டால் ஐந்து டவுன் பஞ்சாயத்து. வறண்ட பக்கத்தில் முப்பது மைலுக்கு ஒன்றுகூட இல்லாமல் போகலாம். பின்னாளில் இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று தரம் பிரித்தார்கள். அதற்கும் அளவுகோல் வருமானம்தான்.

இதே வேலையை ஜப்பான்காரர்கள் வேறு கோலால் அளந்து செய்தார்கள். மெய்ஜி அரசு 1888-இல் ஊர்களை இணைக்கக் கிளம்பியபோது, ஓர் ஆரம்பப் பள்ளியை நடத்துவதற்கு எத்தனை வீடு வேண்டும் என்று கணக்குப் போட்டது. 300 முதல் 500 வீடு. இருந்த 71,314 ஊர்கள் ஒரே வருஷத்தில் 15,859 ஆயின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடுநிலைப் பள்ளி கட்டாயமானது. அதை நடத்த ஊருக்கு 8,000 பேராவது வேண்டும் என்றார்கள். 1953-இல் 9,868 ஆக இருந்தது 1961-இல் 3,472 ஆகிவிட்டது. 1999-க்குப் பின் வந்த மூன்றாவது சுற்றில் பள்ளிக்கூடத்தின் பேச்சே இல்லை. சேர்கிற ஊர்களுக்குச் சலுகைக் கடன், அதில் பெரும்பங்கை டோக்கியோவே அடைக்கும். 3,232-லிருந்து 2010-இல் 1,727. நம் அரசாணையும் அவர்கள் கடன் பத்திரமும் கடைசியில் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன, பாருங்கள்.

நாகானோ மாநிலத்தில் கிசோ என்றொரு மலைப் பள்ளத்தாக்கு. நம் கீழ்மலை அடிவாரம்போல மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே நீளவாக்கில் ஊர்கள். அங்கே ‘குன்’ என்று ஒரு பழைய பிரிவு உண்டு. நம் தாலுகாவுக்குச் சமம் எனலாம். குன் அலுவலகங்களை 1926-இலேயே மூடிவிட்டார்கள். ஆனால் கடித விலாசத்தில் இன்றைக்கும் ‘கிசோ குன்’ என்றுதான் எழுதுகிறார்கள். அலுவலகம் போய்ப் பெயர் மட்டும் பிழைத்த பிரிவு அது. 2005-இல் அங்கே ஒரு டவுனும் மூன்று கிராமமும் சேர்ந்து ‘கிசோ’ என்ற புது டவுனாயின.

அதே வருஷம் பிப்ரவரியில் அந்தக் குன்னைச் சேர்ந்த யாமகுச்சி என்ற கிராமம் மாநிலத்தையே மாற்றிக்கொண்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் கிஃபு மாநிலத்து நகத்சுகாவா நகரம்தான் அவர்களுக்குக் கடைகண்ணி, வேலை எல்லாம். ஊரார் அதோடு சேர்வோம் என்றார்கள். நாகானோ ஆளுநர் தனாக்கா யாசுவோ ஒப்பவில்லை. காரணம், யாமகுச்சியின் மகோமே பழைய நகாசெந்தோ நெடுஞ்சாலையில் ஒரு தங்கல் ஊர்; நாவலாசிரியர் ஷிமசாக்கி தோசோன் பிறந்த மண். நாகானோவின் பெருமையைத் தூக்கிப் பக்கத்து மாநிலத்துக்குக் கொடுப்பதா? கடைசியில் மாநிலச் சபையே மசோதாவைக் கொண்டுவந்து நிறைவேற்றியது. இலக்கியப் பெருமையைவிட மளிகைக் கடை ஜெயித்தது.

நினைத்துப் பாருங்கள். வத்தலகுண்டு என்றால் ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமய்யர், சுப்பிரமணிய சிவா என்று பெரிய பெயர்கள். பக்கத்து ஊர்களை அதோடு சேர்த்து ஒரு நகராட்சி என்று யாராவது கோடு போட்டால், பட்டிவீரன்பட்டிக்காரர் பெயர்ப் பலகைக்கே சண்டைக்கு வருவார். சேவுகம்பட்டிக்கும் சொந்தக் கெத்து உண்டு. தை பிறந்து மூன்றாம் நாள் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடுவார்கள். நேர்ந்துகொண்டவர்கள் கூடை கூடையாகப் பழம் சுமந்து ஊர்வலமாக வந்து, கூட்டத்தின் மேல் வாரி இறைப்பார்கள். விழுகிற பழத்தைத் துண்டில் ஏந்துவார்கள், முந்தானையில் பிடிப்பார்கள். நசுங்கினதையும் விடமாட்டார்கள், பிரசாதமல்லவா. பத்திரிகைகள் வருஷா வருஷம் படம் போடும். கீழே ‘பட்டிவீரன்பட்டி அருகே’ என்றுதான் அச்சாகும். சேவுகம்பட்டிக்காரர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2025 பிறந்த கையோடு தமிழ்நாடு அரசு ஒரு பெரிய பட்டியலை வெளியிட்டது. 16 மாநகராட்சிகளோடும் 41 நகராட்சிகளோடும் சுற்றியுள்ள ஊராட்சிகள் இணைப்பு, 13 புது நகராட்சி, 25 புதுப் பேரூராட்சி. மாநிலம் முழுக்கக் கிராம மக்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு மனுவோடு வந்தார்கள். டீக்கடைப் பேச்சைச் சுருக்கினால் இவ்வளவுதான்:

“ஏண்ணே, நம்மளையும் டவுனோட சேத்துருவாகளா?”

“சேத்தா வீட்டு வரி ஏறும்டா தம்பி. நூறு நாள் வேலை இறங்கும்.”

இந்த ஒற்றைப் பதிலில் ஒரு கணக்கு இருக்கிறது. சேவுகம்பட்டியை வைத்தே அதைப் போட்டுப் பார்க்கலாம். 2006 பிப்ரவரி 2-ஆம் தேதி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதல் சுற்றில் ஆறே மாவட்டங்கள். அதில் திண்டுக்கல்லும் ஒன்று. அன்றைக்குக் காகிதத்தில் சேவுகம்பட்டி கிராமம். ஐந்தே மாதத்தில், ஜூலையில், மறுபடி பேரூராட்சி. பேரூராட்சி என்றால் நகர்ப்புறம். நகர்ப்புறத்துக்கு ஊரக வேலை கிடையாது. வரப்புக்கு அந்தப் பக்கம் கிராம ஊராட்சியில் இருக்கும் பெண்ணுக்கு வேலை அட்டை உண்டு. அதே தோப்பில் அதே கூலிக்குத் தேங்காய் பொறுக்கும் இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு இல்லை. நிதி வரும் என்று கிராமமான ஊர், கிராமத்துக்கென்றே ஒரு பெரிய நிதி வந்த வருஷத்தில் திரும்ப டவுனாகிவிட்டது. இதில் சதி எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. கோப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை, அவ்வளவே.

தேர்தலும் இந்த எல்லையைப் பொறுத்ததுதான். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பேரூராட்சி மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரை தேர்தலே நடக்கவில்லை. நடுவில், 2019 டிசம்பரில், திண்டுக்கல் மாவட்டக் கிராம ஊராட்சிகளில் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் சேவுகம்பட்டிக்காரர் தெருவிளக்கு எரியவில்லை என்றால் அதிகாரியிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்துக் கிராமத்துக்காரர் அந்த 2019 தேர்தலுக்குப் பிறகாவது தன் பிரசிடென்ட் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட முடிந்தது.

ஒரே ஆள் பட்டா மாறுதலுக்கு நிலக்கோட்டை, போலீஸ் புகாருக்குப் பட்டிவீரன்பட்டி, சாமான் வாங்க வத்தலகுண்டு, கலெக்டரிடம் மனுக் கொடுக்கத் திண்டுக்கல் என்று அலைகிறார். தண்ணீருக்கோ இந்த எல்லை எதுவும் தெரியாது. மஞ்சளாறு அணை தேவதானப்பட்டிப் பக்கம், இன்றைய தேனி மாவட்டத்தில். அதன் பாசனம் வத்தலகுண்டுப் பக்கம், திண்டுக்கல் மாவட்டம் வரை நீள்கிறது. மருதாநதி ஆயக்கட்டோ இந்தப் பேரூராட்சிகளின் எல்லைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அணையைத் திறப்பது எந்தத் தலைவரின் கையிலும் இல்லை. அது நீர்வளத் துறையின் வேலை.

தமிழ்நாட்டில் தண்ணீர் போகும் வழியே எல்லை போட்ட தேர்தல் அமைப்பு ஒன்று உண்டு. 2000-ஆம் வருஷத்துப் பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி வந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம். ஒரு மடையில் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர்கள், எந்த ஊர்க்காரர் ஆனாலும், ஒரே பட்டியலில் ஓட்டுப் போட வேண்டும். அந்தச் சங்கங்கள் என்ன செய்தன, ஏன் பல இடங்களில் பலகையோடு நின்றுபோயின, மடைக்குடும்பன் பார்த்த வேலையை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)