அரண்மனைக்காரர்களின் விடுதி

சிங்கப்பூரின் பீச் ரோடு இன்று பெயரளவில்தான் கடற்கரைச் சாலை. கடலைத் தூர்த்தெடுத்த நிலத்தில் எழுந்த கட்டடங்கள் அலைகளை வெகுதூரம் தள்ளிவிட்டன. அச்சாலை பிராஸ் பாசா சாலையைச் சந்திக்கும் மூலையில் வெண்ணிறத்தில் நீண்டு நிற்கிறது ராஃபிள்ஸ் ஹோட்டல். நகரைச் சுற்றிக்காட்டும் பேருந்து புறப்பட இரண்டு மணி நேரம் இருந்ததால், அதன் தாழ்வாரங்களிலும் முற்றங்களிலும் நடந்து பார்த்தோம். வளைவுகள், விசிறிவாழைகள், வாயிலில் தலைப்பாகையணிந்த சீக்கியக் காவலர்.

இவ்விடுதியின் வரலாற்றைப் பெரும்பாலும் விருந்தினர் பட்டியலாகவே சொல்கிறார்கள். கான்ராட் வந்தார், சாமர்செட் மாம் வந்தார் என்று. 1889-இல் வந்த கிப்ளிங், உணவை மெச்சி அறைகளைப் பழித்து, உண்ண இங்கும் உறங்க வேறொரு ஹோட்டலுக்கும் செல்லுமாறு எழுதிவைத்தார். உரிமையாளர்கள் முதற்பாதியை மட்டும் கத்தரித்து விளம்பரமாக்கிக்கொண்டனர். மேற்கோளைப் பாதியில் நிறுத்தும் கலை இன்றைய நூல் அட்டைகளுக்கு மட்டும் உரியதன்று போலும்!

அடுத்தது புலிக்கதை. 1902-இல் காட்சிக்கூடாரமொன்றிலிருந்து தப்பிய புலி, தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டிருந்த பில்லியர்ட்ஸ் அறையின் அடியில் பதுங்க, ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தின் தலைமையாசிரியர் வந்து சுட்டார். பின்னாளில் அந்தப் புலி பில்லியர்ட்ஸ் மேசைக்கடியிலேயே ஏறிக்கொண்டது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு, அவ்வேளையில் தலைமையாசிரியரை அழைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியது என்பதே பெரும் வியப்பு.

இக்கதைகளில் விருந்தினரும் விலங்கும் உண்டு. விருந்தோம்பியவர்கள் ஓரமாக நிற்கிறார்கள். 1819-இல் இத்தீவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம்பிடித்த ராஃபிள்ஸ் இறந்தது 1826-இல். விடுதி தோன்றியதோ 1887 டிசம்பர் 1-இல். அரபு வணிகர் சையது முகமது அல்சகோஃபின் மனையில், பத்து அறைகள் கொண்ட பங்களாவில் அதைத் தொடங்கியவர்கள் அர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள்: மார்ட்டின், டிக்ரான், அவியத், அர்ஷாக். பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலும், 1901-இல் திறந்த ரங்கூனின் ஸ்ட்ராண்ட் ஹோட்டலும் இவர்களுடையவையே. மின்விளக்கும் மின்விசிறியும் கொண்ட இன்றைய முதன்மைக் கட்டடம் 1899-இல் பிட்வெல் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரின் வரைபடப்படி எழுந்தது. சிங்கப்பூர் ஸ்லிங் என்னும் புகழ்பெற்ற மதுக்கலவையை 1915-ஐ ஒட்டி உருவாக்கியவர் ஞியாம் டோங் பூன் என்னும் ஹைனானியச் சீனர். பெயர்ப்பலகையில் மட்டுமே ஆங்கிலேயர்.

சகோதரர்கள் வந்தது பாரசீகத்தின் இஸ்பஹானிலிருந்து. 1604-05-இல் மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்பா நகரத்து அர்மீனியர்களை வேரோடு பெயர்த்துத் தம் தலைநகரருகே குடியமர்த்தினார். அந்தப் புதிய ஜுல்பாவிலிருந்து கிளம்பிய வணிகர்கள் கீழைக்கடல் துறைமுகங்களெங்கும் பரவினர். அவர்கள் நமக்கு அன்னியர் அல்லர். 1726-இல் அடையாற்றின்மேல் சைதாப்பேட்டையில் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் அர்மீனியர். அவ்விடத்தில் இன்றுள்ள பாலம் மறைமலையடிகள் பெயரைத் தாங்குகிறது. உலகின் முதல் அர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் அச்சானது சென்னையில்தான். அவர்கள் வாழ்ந்த தெருவின் பெயர் தமிழ் நாவில் உருண்டு ‘அரண்மனைக்காரத் தெரு’ ஆயிற்று. அரசே இல்லாத ஒரு மக்களுக்கு நாம் அரண்மனை வழங்கிவிட்டோம்!

தமக்கென்று நாடில்லாதவர்கள் பிறர்க்குத் தங்குமிடம் அமைத்ததை வெறும் வணிகம் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. வணிகம்தான், ஐயமில்லை, விலையும் குறைவல்ல. ஆனால் பினாங்கில் இருந்த அர்ஷாக், கடன்பட்ட தோட்டத்துரைமார்களின் கணக்குச் சீட்டுகளைக் கிழித்தெறிந்தார் என்று கதைகள் வழங்குகின்றன. கணக்கில் கறாரானவர்களைப் பற்றி அத்தகைய கதைகள் பிறப்பதில்லை. பினாங்கு விடுதியைப் பெருக்க அவர் வாங்கிய கடனும், உலகப் பெருமந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்ததும் ஒன்றுசேர்ந்தன. 1931-இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில் நிறுவனம் திவாலாயிற்று. 1933 முதல் ராஃபிள்ஸ் ஒரு பொதுப்பங்கு நிறுவனத்தின் உடைமை. சார்க்கீஸ்களின் ஆட்சி அரை நூற்றாண்டைக்கூட எட்டவில்லை.

1942-இல் ஜப்பானியர் கைக்கு மாறி ‘ஷோனான் ரியோக்கான்’ ஆனது, போர் முடிந்தபின் விடுவிக்கப்பட்ட கைதிகளின் இடைத்தங்கல் முகாமானது, 1987-இல் தேசியச் சின்னமானது, 2019-இல் மீண்டும் புதுக்கித் திறக்கப்பட்டது என்பவையெல்லாம் வழிகாட்டி நூல்களில் விரிவாகக் கிடைக்கும்.

விடுதியிலிருந்து சற்றே நடந்தால் ஹில் ஸ்ட்ரீட்டில் 1835-இல் கட்டிய அர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. வெள்ளைத் தூண்கள், சிறிய தோட்டம், பெயர் பொறித்த கற்கள். 1893-இல் ஒரு புதிய ஆர்க்கிட் மலரை உலகறியச் செய்த ஆக்னஸ் ஜோவாக்கிம் என்னும் சிங்கப்பூர் அர்மீனியப் பெண்மணியின் கல்லறைக் கல்லும் அங்கேதான். அவர் பெயர் தாங்கிய அம்மலரை 1981-இல் சிங்கப்பூர் தன் தேசிய மலராக ஏற்றுக்கொண்டது.