தாரும் பிரம்பும் சிலிக்கோனும்: வெட்டவெளி விளக்குகளுக்கு ஒரு நீர்க்காப்பு வரலாறு

கொல்கத்தாவின் தெருவிளக்குக் கம்பங்கள் பலவற்றில் நீலமும் வெள்ளையுமாக எல்இடி சரங்கள் சுற்றப்பட்டிருப்பதை அந்நகருக்குச் சென்றோர் அறிவர். பூசைக்குக் கட்டிப் பூசை முடிந்ததும் அவிழ்க்கும் அலங்காரம் அன்று அது. சித்திரை வெயிலையும் ஆனி முதல் புரட்டாசி வரை நீளும் பருவமழையையும் கம்பத்தில் இருந்தபடியே தாங்க வேண்டியது. இத்தகைய சரங்களுக்கென ஒரு பழுதுமுறை உண்டு. பெரும்பாலும் ஒற்றை விளக்கு தனியே அணைவதில்லை; தொடராக இணைக்கப்பட்ட ஒரு தொகுதி முழுவதும் அணைந்து, மேலும் கீழும் உள்ளவை எரிந்துகொண்டிருக்கும். 12 வோல்ட்டு நாடாவாயின் மூன்று மூன்றாக அணையும். வீட்டு மின்சாரத்தில் நேரே ஓடும் சரமாயின் ஒரு மீட்டர் அளவுக்கு இருள் விழும்.

அணைந்த பகுதியைப் பிரித்துப் பார்த்தால் செம்புத் தடத்தின் மேல் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். இன்று மருந்துப் பூச்சுக்கு வழங்கும் ‘களிம்பு’ என்னும் சொல், செம்பில் ஏறும் இந்தப் பச்சையையும் குறிப்பது. செம்பில் களிம்பு போல உயிரை ஆணவம் பற்றியிருக்கிறது என்று சைவ சித்தாந்திகள் காட்டிய உவமை புகழ்பெற்றது. சித்தாந்திகளுக்கு அது செம்போடு உடன்பிறந்தது. மின்விளக்கிலோ அது வெளியிலிருந்து, அதுவும் பெரும்பாலும் இணைப்பின் வழியே வருவது. மழை உறையைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குவதில்லை. பகல் வெயிலில் உறைக்குள் இருக்கும் காற்று சூடேறி விரிந்து வெளியேறுகிறது. மாலை மழை திடீரெனக் குளிர்விக்க, எஞ்சிய காற்று சுருங்குகிறது. அச்சுருக்கமே முனை மூடியின் இடுக்கு வழியாக ஈரத்தை உள்ளே இழுக்கிறது. ஈரத்தின் ஊடே நேர்மின்னோட்டம் பாயும்போது நேர்முனைச் செம்பு மின்னாற்பகுப்பால் அரிக்கப்படுகிறது.

இச்சிக்கலை எதிர்கொண்ட முதல் முயற்சிகளுள் ஒன்று கல்கத்தாவிலேயே நிகழ்ந்தது. அப்போது மின்விளக்கு என்பதே இல்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் ஓஷானசி 1839இல் தாவரவியல் பூங்காவின் அருகே 21 மைல் நீளத்திற்குத் தந்திக்கம்பி அமைத்துச் சோதித்தார். அதில் ஏறத்தாழ 7,000 அடி ஹூக்ளி ஆற்றோடு தொடர்புடையது. ஆற்றில் இடுவதற்குரிய கம்பிக்கு அவர் செய்த காப்பு உள்ளூர்ப் பொருள்களால் ஆனது: கம்பியின் மேல் கீல் பூசி, அதனைப் பிளந்த பிரம்பினுள் வைத்து, மேலே தார் தோய்த்த நாரிழையைச் சுற்றினார். தோணிக்குக் கீல் பூசும் ஆற்றங்கரைத் தொழிலுக்கும் இதற்கும் உள்ள நெருக்கம் வெளிப்படை.

1851இல் கல்கத்தாவையும் டயமண்ட் ஹார்பரையும் இணைத்த தந்தித் தடத்தில் நிலத்தடிப் பகுதி இன்னும் கனமாகக் காக்கப்பட்டது. மெல்லிய கம்பிக்குப் பதில் இரும்புத் தண்டு. அதன்மேல் கீலும் தாரும் தோய்த்த மதராஸ் துணி இரண்டு சுற்று. அதனைக் கூரை ஓட்டு வரிசையில் கிடத்தி, உருக்கிய குங்கிலியமும் மணலும் கலந்த குழம்பை ஊற்றி நிரப்பினர். குழம்பு இறுகியதும் ஓடும் தண்டும் ஒரே கல்லாயின. சோழமண்டலக் கரையின் நெசவு வங்காளத்து மண்ணுக்கடியில் மின்காப்பாகக் கிடந்தது என்பது நெசவு வரலாற்றினர் அதிகம் பேசாத செய்தி. இன்று எல்இடி நாடாவின் மேல் சிலிக்கோன் அல்லது பாலியூரிதேன் கூழை ஊற்றி இறுகவிடும் முறை, கொள்கையளவில் இதிலிருந்து வேறுபட்டதன்று. காற்றிடமே இல்லையெனில் ஈரத்துக்கும் இடமில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் மலாயாக் காடுகளின் மரப்பால் ஒன்று ஐரோப்பாவில் புகழ்பெற்றது. கெட்டா பெர்ச்சா எனப்பட்ட அதனை 1840களில் சிங்கப்பூரிலிருந்து மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி அறிமுகப்படுத்தினார். கடலடித் தந்திவடங்களுக்கு அதுவே காப்பாயிற்று. மலாய் மொழியில் ‘கெத்தா’ என்றால் பிசின். நீருக்கடியில் நெடுங்காலம் கெடாத அப்பொருள், வெயிலும் காற்றும் பட்டால் வெடித்து உதிர்ந்துவிடும். கடலை வென்றது கூரையில் தோற்றது. வெட்டவெளி விளக்கின் வரலாறு முழுவதிலும் இப்பாடம் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது: நீரைத் தடுப்பது ஒரு திறம், வெயிலைத் தாங்குவது வேறொரு திறம். இன்றும் எபாக்சி பூசிய மலிவான நாடா நீரைத் தடுக்கும். ஆனால் வெயிலில் மஞ்சளித்து இறுகி வெடிக்கும். சிலிக்கோன் இவ்விரண்டையும் ஓரளவு தாங்குகிறது. எனினும் இறுகும்போது காடி நெடி வீசும் வகைச் சிலிக்கோனை இணைப்பில் பூசினால், வெளிப்படும் அசிட்டிக் அமிலமே செம்பை அரிக்கத் தொடங்கும். காக்க வந்ததே களிம்பேற்றும் விந்தை அது.

காப்பு என்ற சொல்லையும் இங்குக் கருதலாம். ஆங்கிலத்தில் மின்காப்பைக் குறிக்கும் ‘இன்சுலேஷன்’ தீவு எனப் பொருள்படும் இலத்தீன் ‘இன்சுலா’விலிருந்து வந்தது, கம்பியைச் சூழலிலிருந்து துண்டித்துத் தீவாக்குதல் அதன் கருத்து. தமிழ்க் கலைச்சொல் துண்டித்தலைச் சொல்லாமல் காத்தலைச் சொல்கிறது. வளையலுக்கும் நூலின் தொடக்கச் செய்யுளுக்கும் வழங்கும் அதே சொல். எந்தக் கருத்து வெட்டவெளி விளக்குக்குப் பொருந்தும் என்பதில்தான் உண்மையான கருத்து வேறுபாடு தொடங்குகிறது.

அதனைக் காண ஹூக்ளிக் கரையிலேயே வடக்கே செல்ல வேண்டும். 1950 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சந்தன்நகர், செகதாத்திரி பூசையின் ஒளியலங்காரத்துக்குப் பெயர்பெற்றது. எல்இடி வருமுன் அங்குள்ள கலைஞர்கள் கையாண்டது ‘டுனி’ எனப்படும் சிறு குமிழ் விளக்கு. ஸ்ரீதர் தாஸ் போன்றோர் அவற்றைச் சட்டங்களில் கோத்து, சுழலும் உருளைகளால் மின்சுற்றை மாற்றி மாற்றி இணைத்து, பறவை பறப்பதையும் தொடர்வண்டி ஓடுவதையும் காட்டினர். அங்கு ஒவ்வொரு இணைப்பும் கைக்கு எட்டும்படி திறந்திருந்தது. கார்த்திகையில் மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். விழா முடிந்தால் விளக்கு கொட்டகைக்குத் திரும்பும். ஒளி ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்பட்டதால் நீர்க்காப்பு பெருங்கவலையாக இருக்கவில்லை.

ஆண்டு முழுதும் வெளியிலேயே நிற்கும் பழைய ஒளியலங்காரத்துக்கு மைசூர் அரண்மனை சான்று. 1912இல் கட்டிமுடிக்கப்பட்ட அம்மாளிகையின் விளிம்புகளில் ஏறத்தாழ 97,000 குமிழ் விளக்குகள் ஞாயிறுகளிலும் தசராவிலும் ஒளிர்வது வழக்கம். ஒவ்வொரு குமிழும் தன்னளவில் அடைத்த கண்ணாடிக் கலம். ஒன்று போனால் அதனைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். பக்கத்து விளக்குக்கு அதனால் தீங்கில்லை. மின்சாரத்தை மிகுதியாக விழுங்கும் ஏற்பாடுதான், ஐயமில்லை. ஆயினும் மழையோடு போரிடாமல், தோற்ற விளக்கை மாற்றிக்கொண்டே நூற்றாண்டைக் கடக்கும் அறிவு அதில் இருந்தது.

எல்இடி நாடா அவ்வழியை அடைத்தது. மின்செலவைப் பலமடங்கு குறைத்தது உண்மை. ஆனால் விளக்கு, தடம், மின்தடை மூன்றும் ஒரே கூழுக்குள் இறுகிவிட்டதால் பழுதுபார்ப்பு என்பது வெட்டி எறிவதாக மாறிற்று. வெட்டிய இடத்தில் புதுத் துண்டை ஈயம் வைத்து ஒட்டினால், ஆலையில் இல்லாத ஓர் இணைப்பு கூடுகிறது. அடுத்த மழை அங்கே நுழைகிறது. பெட்டியில் அச்சிட்ட ஐபி எண்ணும் இவ்வகையில் அரைச் செய்தியே. 1976இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த அம்முறையில் முதலெண் தூசியையும் திண்பொருளையும், இரண்டாமெண் நீரையும் குறிக்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஐந்தாண்டு வெயிலைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. கத்தரியால் நாடாவை வெட்டிய கணத்தில், மூடி பொருத்தி அடைக்கும்வரை, அந்த எண்ணும் செல்லாததாகிவிடுகிறது.

தேர்ந்த மின்பணியாளர் இதனை எண்களின்றியே அறிவர். முனைமூடியைக் கீழ்நோக்கி வைப்பர். இணைப்புப் பெட்டியின் அடியில் சிறு துளையிட்டு, புகுந்த நீர் வடிய வழிவிடுவர். கம்பி பெட்டிக்குள் நுழையுமுன் அதனைச் சற்றே கீழிறக்கி வளைத்து மேலேற்றுவர். கம்பியில் வழிந்து வரும் மழை அவ்வளைவின் அடியில் திரண்டு, பெட்டியை எட்டாமலே தரையில் சொட்டிவிடும்.