கல்வெட்டு இல்லாத இடங்கள்: சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஒரு நாள்

கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ நகரின் அடிசன் அவென்யூ, அமைதியான குடியிருப்புத் தெரு. அதில் 367ஆம் எண் வீட்டின் முன்னால் வெளியூர்க்காரர்கள் வந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பார்க்க வருவது வீட்டின் பின்புறமுள்ள, கார் நிறுத்தும் மரக்கொட்டகை ஒன்றை. 1938இல் வில்லியம் ஹ்யூலட், டேவிட் பேக்கார்ட் என்ற இரு நண்பர்கள் 538 டாலர் முதலீட்டில் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் உருவாக்கிய ஆஸிலேட்டர் கருவிகளில் எட்டினை, 'ஃபேண்டசியா' படத்தின் ஒலியமைப்புப் பணிக்காக டிஸ்னி நிறுவனம் வாங்கியது. 1987இல் மாநில அரசு இக்கொட்டகையை 976ஆம் எண் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. உள்ளே செல்ல அனுமதியில்லை; நடைபாதையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கணினிப் பித்தர்களின் யாத்திரை பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது. நாமும் இங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் கல்வெட்டுகளைப் படிக்கும்போது, அவற்றில் எழுதப்படாததையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

அடுத்து நாம் செல்லவேண்டியது மவுண்டன் வியூ நகரின் 391, சான் அன்டோனியோ சாலை. டிரான்சிஸ்டர் கண்டுபிடிப்புக்காக 1956இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான வில்லியம் ஷாக்லி, அதே ஆண்டில் தம் ஆய்வகத்தை இங்கே நிறுவினார். அவருடைய நிர்வாக முறையைச் சகிக்க முடியாத எட்டுப் பேர் 1957இல் வெளியேறி ஃபேர்சைல்ட் நிறுவனத்தைத் தொடங்கினர். பழைய கட்டிடம் இன்று இல்லை. அவ்விடத்தில் டையோடு, டிரான்சிஸ்டர் வடிவச் சிற்பங்கள் 2018இல் வைக்கப்பட்டன. எட்டுப் பேரும் குடியேறிய கட்டிடம், பாலோ ஆல்ட்டோவின் 844, கிழக்கு சார்லஸ்டன் சாலையில் இருக்கிறது. 1959இல் ராபர்ட் நாய்ஸ், பெருமளவில் தயாரிக்கத்தக்க ஒருங்கிணைந்த மின்சுற்றைச் சிந்தித்தது இங்கேதான். இதுவும் ஓர் அரசுச் சின்னமே.

கொட்டகையிலிருந்து இங்கு வந்து சேர்பவர்கள், சில இளைஞர்களின் மேதைமையும் துணிவுமே இந்த ஊரை உருவாக்கின என்று முடிவு கட்டிவிடக்கூடும். ஆனால் ஃபேர்சைல்டின் முதல் விற்பனை எது? 1958இல் ஐபிஎம் நிறுவனம் தலா 150 டாலர் விலையில் வாங்கிய 100 டிரான்சிஸ்டர்கள். அவை பி-70 என்ற போர் விமானத்தின் கணினிக்காக வாங்கப்பட்டவை. அதன்பின் நாய்ஸ் வழிவந்த மின்சுற்றுகளைப் பெருமளவில் வாங்கி அத்தொழிலை நிலைநிறுத்தியதில், அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கு முக்கியப் பங்கு உண்டு. கொட்டகைக்குப் பின்னால் அரசின் கருவூலமும் இருந்தது. கொட்டகையை மட்டும் பார்த்து இன்னொரு பள்ளத்தாக்கை உருவாக்கிவிடலாம் என நினைப்பவர்கள் இந்தப் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

நண்பகலுக்குப் பின் கணினி வரலாற்று அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உறங்கும் பொருள்களைவிட, அங்கே உயிர்ப்பித்து வைத்திருக்கும் ஐபிஎம் 1401 இயந்திரங்களே நம்மை அதிகம் கவர்கின்றன. 1959இல் அறிமுகமாகி, பத்தாயிரத்துக்கும் மேல் விற்ற கணினி அது. அதனோடு வாழ்ந்த ஓய்வுபெற்ற பொறியாளர்கள், சம்பளம் வாங்காமல், பல ஆண்டுகள் உழைத்து அவற்றை மீட்டெடுத்தனர். துளையிட்ட அட்டையில் பதிந்த நம் பெயரைத் தடதடவென அச்சடித்துத் தரும் அந்த இயந்திரத்தின் முன் நிற்கும்போது, வரலாறு என்பது பேணுகிறவர்களின் கைவேலை என்பது விளங்குகிறது.

பேணப்படாத வரலாறு ஒன்று நம் காலடியில் கிடக்கிறது. சில்லுகளைக் கழுவப் பயன்பட்ட கரைப்பான்கள் தொட்டிகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் கசிந்து நிலத்தடி நீரில் கலந்தன. 1980களின் தொடக்கத்தில் சான் ஹோசேயில் குடிநீர்க் கிணறு ஒன்றில் ஃபேர்சைல்ட் ஆலையின் கசிவு தெரியவந்தபின், ஒவ்வோர் இடமாக உண்மை வெளிப்பட்டது. சாண்டா கிளாரா மாவட்டத்தில் 23 இடங்கள் மத்திய அரசின் நச்சுத் தூய்மைப் பட்டியலில் இடம்பெற்றன. நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை இல்லை. அவற்றில் ஒன்று இதே அருங்காட்சியகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மிடில்ஃபீல்ட், எல்லிஸ், விஸ்மன் சாலைகளுக்கு இடையே இருக்கிறது. அந்த நீரைத் தூய்மைப்படுத்தும் பணி பத்தாண்டுகள் பலவாகத் தொடர்கிறது. சில்லுகளைக் கையாண்டு அமிலங்களுக்கும் கரைப்பான்களுக்கும் நடுவே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், வியட்நாம் நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஏராளம். கொட்டகைக்குக் கிடைத்த கல்வெட்டு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மாலையில் சன்னிவேல் நகரம் காத்துவரும் ஆப்ரிகாட் தோப்பில் சற்று நேரம் அமரலாம். சிலிக்கான் என்ற பெயர் ஒட்டுவதற்கு முன், பழத்தோட்டங்களால் இப்பகுதி 'இதயக் களிப்பின் பள்ளத்தாக்கு' என அழைக்கப்பட்டது. கொட்டகையும் கிணறும் தோப்பும் ஒரே வரலாற்றின் பக்கங்கள். ஒன்றை மட்டும் படித்துவிட்டு ஊர் திரும்பினால், நாம் பார்த்தது விளம்பரத்தைத்தான், ஊரை அல்ல.