தவில் சத்தத்தைப் பிடித்தவர்கள்

நம் பக்கத்து வீடுகளில் பரணைத் தட்டினால், பழைய பிஸ்கட் டப்பாவிலோ செருப்புப் பெட்டியிலோ பத்து இருபது கேசட்டாவது கிடைக்கும். பெரும்பாலும் சினிமாப் பாட்டாக இருக்கும். ஒன்றிரண்டின் மேல் மட்டும் நீல மசியில் "உற்சவம், 5ஆம் நாள், நாயனம்" என்று எழுதியிருக்கும். எந்த வருடம், எந்தக் கோயில், வாசித்தது யார் என்ற விவரம் இருக்காது. அந்த ஒன்றிரண்டு கேசட்டுகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை. கையில் தூக்கிப் போகிற ஒரு கருவியை வைத்து, காதைப் பிளக்கிற சத்தமுள்ள கச்சேரியை நடக்கிற இடத்திலேயே பதிவு செய்யும் வழக்கம் எப்படி வந்தது, அதில் என்ன சிரமம் என்று எனக்குத் தெரிந்த வரை எழுதுகிறேன்.

இதற்கு முன்னோடி என்று சொல்லத்தக்கவர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் நூலகராக இருந்த லயனல் மேப்பிள்சன். 1901 முதல் 1903 வரை, எடிசன் கம்பெனியின் வீட்டு உபயோக ஃபோனோகிராஃப் ஒன்றை வைத்துக்கொண்டு, நடந்துகொண்டிருக்கும் நாடகத்தின் பாட்டுகளை மெழுகு உருளைகளில் பிடித்தார். ஒரு உருளைக்கு 2 நிமிடம்தான் கணக்கு. முதலில் மேடைக்கு முன்னால் வசனம் எடுத்துக் கொடுப்பவர் உட்காரும் கூண்டில் கருவியை வைத்தார். பிறகு மேடைக்கு மேலே உயரத்தில் இருந்த நடைபாலத்துக்குக் கொண்டு போனார். அந்த உருளைகளில் இரைச்சல்தான் அதிகம். ஆனாலும் ழான் டி ரெஸ்கே என்ற புகழ்பெற்ற பாடகரின் குரலை இன்று கேட்க வேண்டுமானால் அவற்றை விட்டால் வேறு வழியில்லை. சம்பளத்துக்காக இல்லாமல் ஆசைக்காக ஒருவர் செய்த வேலை அது.

அந்தக் காலக் கருவிக்கு மின்சாரம் கிடையாது. கூம்பு வழியாக வந்த காற்றின் அசைவே ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு போட வேண்டும். அதனால் உரத்த சாரீரத்துக்குத்தான் மரியாதை. வீணை மாதிரி மெல்லிய நாதம் எடுபடாது. 1925 வாக்கில் மைக்கும் மின்சாரப் பதிவும் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. மெல்லிய ஒலி சுலபமாகப் பதிந்தது. சத்தம் அதிகமாக இருப்பதே பிரச்னையாகிவிட்டது.

நம்முடைய இசைக்கு வேறொரு இடைஞ்சலும் இருந்தது, அது நேரம். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால் மணிக்கணக்கில் போகும் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவருடைய தோடி இசைத்தட்டு ஊர் ஊராக ஒலித்தது உண்மைதான். ஆனால் தெரு முனையில் சுவாமியை நிறுத்திவிட்டு இரவெல்லாம் வாசித்த தோடி அந்தத் தட்டுக்குள் எப்படி அடங்கும்? 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் வந்தன. ஆரம்ப வருடங்களில் கச்சேரிகள் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்புதான், கேட்டதோடு சரி. தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1949இல் காலமானார். டேப் ரெக்கார்டர் நம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டன. ராஜரத்தினம் பிள்ளையும் 1956இல் போய்விட்டார்.

காந்த நாடாவின் பிறப்பிடம் ஜெர்மனி. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.இ.ஜி. கம்பெனி மேக்னட்டோஃபோன் என்ற கருவியைக் காட்டியது. மறு வருடம் நவம்பரில், லுட்விக்ஸ்ஹாஃபனில் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியின் அரங்கில் சர் தாமஸ் பீச்சம் நடத்திய லண்டன் ஃபில்ஹார்மோனிக் குழுவின் கச்சேரியை நாடாவில் பதிந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு இந்த நுட்பம் அமெரிக்காவுக்குப் போய் உலகமெங்கும் பரவியது. ஸ்விட்சர்லாந்தில் ஸ்டெஃபான் குடெல்ஸ்கி என்ற போலந்துக்காரர், தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய நாக்ரா ரெக்கார்டரை 1950களில் செய்தார். நாக்ரா என்றால் போலிஷ் மொழியில் "பதிவு செய்யும்" என்று அர்த்தம். சினிமாக்காரர்களும் வானொலிக்காரர்களும் அதை வாங்கினார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது எட்டாத விலை.

வசதியுள்ள சில ரசிகர்கள் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் வைத்திருந்தார்கள். 7 அங்குல ஸ்பூலில் 1200 அடி நாடா இருக்கும். விநாடிக்கு 7½ அங்குல வேகத்தில் 32 நிமிடம், பாதி வேகத்தில் 64 நிமிடம். ஒரு ஆலாபனை முழுவதும் நாடாவில் உட்கார்ந்தது இந்தப் பெட்டி வந்த பிறகுதான். ஆனால் கனமான பெட்டி, வீட்டு மின்சாரம் வேண்டும். சபாவுக்கு எடுத்துப் போகலாம், சுவாமி புறப்பாட்டோடு கூடவே நடக்க முடியாது.

அதற்கு வழி விட்டது கேசட். ஃபிலிப்ஸ் கம்பெனியில் லூ ஓட்டன்ஸ் என்பவர், தன் கோட்டுப் பையில் நுழைகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து வைத்துக்கொண்டு, கருவி இதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று வேலையை ஆரம்பித்தாராம். 1963இல் பெர்லின் கண்காட்சியில் கேசட் வெளிவந்தது. எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் கையோடு டேப் ரெக்கார்டரும் டூ-இன்-ஒன்னும் வந்தன. நாலைந்து பேட்டரி போட்டால் தேர் போகிற தெருவெல்லாம் பதிவு செய்யலாம்.

ஆனால் நாயனமும் தவிலும் அந்தச் சின்னப் பெட்டிக்கு ஏற்ற சரக்கு அல்ல. திறந்த வெளியில், மைக் இல்லாமல், நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று உருவான வாத்தியங்கள் அவை. தவிலின் வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள், தொப்பிப் பக்கம் கம்பு. பக்கத்தில் நின்றால் 100 டெசிபலைத் தாண்டும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல். வித்தியாசம் 40தானே என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் சக்தி 10 மடங்கு ஏறும். 40 என்றால் 10,000 மடங்கு.

இந்தச் சத்தம் மூன்று இடங்களில் உடையும். முதலாவது மைக். இரண்டாவது, மைக்கிலிருந்து வரும் மின்சாரத்தைப் பெரிதாக்கும் முதல் கட்டம். மூன்றாவது நாடா. கேசட்டில் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு, வேகம் விநாடிக்கு 4¾ சென்டிமீட்டர். ஸ்பூலில் அகலம் 6 மில்லிமீட்டருக்கு மேல், வேகம் 19 சென்டிமீட்டர். இடம் குறைந்ததால் கேசட் நாடா சீக்கிரம் நிரம்பிவிடும், அதுவும் உச்ச ஸ்தாயி முதலில் மங்கும். நாயனத்தின் கம்பீரமோ அந்த மேல் ஸ்வரங்களின் கூர்மையில்தான் இருக்கிறது.

இதற்கு மருந்து என்று சின்ன ரெக்கார்டர்களில் தானே சத்தத்தைக் குறைக்கும் ஒரு ஏற்பாட்டை வைத்தார்கள். பேச்சுக்கு அது நல்லது. மேளத்துக்கு அது வினை. தவிலில் ஒரு பலத்த அடி விழுந்ததும் கருவி பயந்து எல்லாவற்றையும் குறைத்துவிடும். நாயனம் கிணற்றுக்குள் போய், ஒரு விநாடி கழித்து மெதுவாக மேலே வரும். அடுத்த அடிக்கு மறுபடியும் உள்ளே போகும். பழைய உற்சவ கேசட்டுகளில் நாயனம் மூச்சுத் திணறுகிற மாதிரி கேட்பது இதனால்தான். வித்வானின் மூச்சில் குறை ஒன்றும் இல்லை.

எங்கள் தெருவில் மின்வாரியத்தில் வேலை பார்த்த ஒரு அண்ணன் இருந்தார். எண்பதுகளில் அவர் செய்த பதிவுகள் மட்டும் அப்படி இருக்காது. ஒரு நாள் சைக்கிளை நிறுத்திவிட்டு எனக்கு விளக்கினார்.

"தம்பி, பெட்டிக்குள்ளேயே இருக்கற மைக்கை நம்பாதே. மோட்டார் சத்தமும் சேர்ந்து விழும். வெளி மைக் வேணும். அதுவும் காயில் மைக்கா இருக்கணும்."

காந்தத்துக்குள் ஒரு கம்பிச்சுருள் ஆடுகிற மைக்கைத்தான் அவர் காயில் மைக் என்றார். அது எவ்வளவு சத்தத்தையும் தாங்கும். மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவே ஒயரில் இரண்டு ரெசிஸ்டரைப் பற்றவைத்து, வருகிற மின்சாரத்தைக் குறைத்திருந்தார். "பெட்டியில இருக்கற குமிழைத் திருப்பினா போதும்னு நினைக்கறாங்க. அந்தக் குமிழுக்கு வர்றதுக்கு முன்னாலேயே சத்தம் உடைஞ்சு போயிருக்கும்" என்றார். தானே சத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு இல்லாத, கையால் அளவு வைக்கிற ரெக்கார்டரைத்தான் அவர் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார்.

மைக்கை ஒரு மூங்கில் கம்பின் நுனியில் கட்டி, காற்று இரையாமல் இருக்கப் பஞ்சு சுற்றியிருப்பார். கம்பைத் தூக்கிப் பிடித்துப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்பார். திறந்த வெளியில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் 6 டெசிபல் குறையும். 4 அடியிலிருந்து 16 அடிக்குப் போனால் 12 டெசிபல். அணசு நோக்கும் திசைக்கு நேராக நிற்க மாட்டார், சற்றே பக்கவாட்டில் நிற்பார். கல் மண்டபத்துக்குள் மட்டும் நெருங்கிப் போவார். அங்கே தள்ளி நின்றால் எதிரொலிதான் பதியும். மல்லாரி முடிகிற வரை முள் சிவப்புக் கோட்டுக்கு நன்றாகக் கீழேயே இருக்கும். முள் மெதுவாக நகருவது, தவில் அடியோ கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போவது. முள் காட்டுவதை நம்பி அளவை ஏற்றினால் அடி உடைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவு செய்வதற்கு முன் வித்வானிடம் போய்க் கேட்பார். சிலர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் பெட்டியை மூடிவிட்டு ரசிகராக நின்று கேட்பார். அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு 1984இல் பதிவு செய்கிற ரசிகர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது என்று பிற்பாடு படித்தேன். நம் ஊரில் அந்த ஒதுக்கீடு வித்வானின் தலையசைப்பில் இருந்தது.

இப்போது உள்ளங்கை அளவு டிஜிட்டல் ரெக்கார்டர்கள் இருக்கின்றன. நாடா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரகரக்கும். டிஜிட்டலில் எல்லை தாண்டினால் ஒரே வெட்டு. அதனால் 24 பிட்டில், உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது. 32 பிட் ஃப்ளோட் என்ற முறையில் பதியும் கருவிகளில் அளவைப் பிறகு சரி செய்துகொள்ளலாம். ஆனால் மைக்கே உடைந்துவிட்டால் அதுவும் காப்பாற்றாது. செல்போனில் பிடிக்கிற பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். தானே சத்தத்தைக் குறைக்கும் அந்தப் பழைய வினை செல்போனிலும் உண்டு. ஒரு வெளி மைக்கும், பத்தடி தள்ளி நிற்கிற பொறுமையும் இன்றும் தேவைதான்.

பரணுக்கு வருவோம். அந்த கேசட்டுகளுக்கு நாற்பது வயது ஆகிவிட்டது. நாடாவில் பூசணம் பிடிக்கும், நாடாவை அழுத்துகிற சின்னக் கம்பளித் துண்டு கழன்று விழும். எடுத்தவுடன் பழைய பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பூசணம் தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு முறை முழுவதும் மெதுவாகச் சுற்றிவிட்டு, முதல் தடவை ஓடும்போதே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். கூடு உடைந்திருந்தால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றலாம்.

அதைவிட முக்கியம், பெயர். பெரிய வித்வான்களுக்கு வானொலியும் இசைத்தட்டும் இருந்தன. நம் கோயில்களில் தலைமுறை தலைமுறையாகக் காலையிலும் மாலையிலும் வாசித்தவர்களுக்கு அந்த செருப்புப் பெட்டிதான் இருக்கிறது. பிடியைக் கேட்டதும் "இது இன்னார் வாசிப்பு, தவில் இன்னார்" என்று சொல்லக்கூடியவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறோம். நமக்குப் பிறகு வருகிறவர்களுக்கு அது யாரோ வாசித்த நாயனம். கேசட்டைப் போட்டுக் கேளுங்கள், கூட இரண்டு பேரை உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். ஊர், கோயில், வருடம், வாசித்தவர் பெயர், தெரிந்ததை இந்த வாரமே எழுதி ஒட்டிவிடுங்கள்.