பாளையத்துத் திரித்துப்பாக்கியும் பந்தயக் கைத்துப்பாக்கியும்: சித்தூர்ச் சீமையின் கதை

சித்தூரிலோ திருப்பதியிலோ வாழும் ஒருவர் கைத்துப்பாக்கி சுடும் போட்டியில் இறங்க விரும்பினால், எப்படிக் குறி பார்ப்பது என்னும் வினா அவருக்குப் பின்னரே எழும். துப்பாக்கியைத் தொட எனக்கு உரிமை உண்டா என்பதே முதல் வினா. இவ்வினாவுக்கு இச்சீமையில் இருநூறாண்டுகளுக்கு மேல் வயது உண்டு. அதன் வரலாற்றை அறியாமல், இன்றைய விளையாட்டு வீரர் சந்திக்கும் தடைகளையும் திறப்புகளையும் விளங்கிக்கொள்ள இயலாது.

துருக்கிய மூலத்திலிருந்து வந்த 'துப்பாக்கி' என்னும் சொல் தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேர வேரூன்றியது. இரு மொழிகளும் கலந்து புழங்கும் சித்தூர்ச் சீமை, பதினெட்டாம் நூற்றாண்டில் படைகள் கடந்து செல்லும் வாயிலாக இருந்தது. 1740 மே மாதம் பாகாலவுக்கு அருகிலுள்ள தாமலசெருவுக் கணவாயில் மராட்டியருடன் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் வீழ்ந்தார். 1782 டிசம்பர் 7 அன்று ஐதர் அலி உயிர் நீத்ததும் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில்தான்.

பெரும்படைகள் வந்தன, போயின. ஊரோடு தங்கிய ஆயுதம் பாளையக்காரரின் காவலாட்களிடம் இருந்தது. பங்காரி, நரகண்டி, கல்லூர், புலிச்செர்லா, தும்பா முதலிய சித்தூர்ப் பாளையங்கள் மலையடிவாரங்களையும் கணவாய்களையும் காவல் செய்தன. அதற்கு ஈடாக ஊர்களிடமிருந்து காவல் வரி பெற்றன. களவு போனால் பொருளை மீட்டுத் தருவதோ ஈடு கட்டுவதோ காவல்காரரின் கடமை. ஈட்டியும் வாளும் திரித்துப்பாக்கியும் அவர்களுடைய தொழிற்கருவிகள். இவ்வமைப்பை வீரயுகமாக மட்டும் காண்பது பிழை. ஊரைக் காத்த அதே துப்பாக்கி, வரி தர மறுத்த குடியானவரை மிரட்டவும் பயன்பட்டது.

1801 ஜூலையில் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1 அன்று சென்னை அரசு, தென்பாளையங்களின் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டது. அதே கொள்கை வடக்கிலும் தொடர்ந்தது. காவல் உரிமை பறிபோன சித்தூர்ப் பாளையக்காரர்கள் 1804-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளர்ந்தெழுந்தனர்; கம்பெனிப் படை அவர்களை ஒடுக்கியது. சில பாளையங்கள் பறிக்கப்பட்டன. எஞ்சியவை பேஷ்குஷ் செலுத்தும் ஜமீன்களாகச் சுருங்கின. பங்காருபாளையம் என்னும் ஊர்ப்பெயரில் அந்தப் பழைய அமைப்பின் தடம் இன்றும் உண்டு.

1857-க்குப் பின் இக்கொள்கை நாடு தழுவிய சட்டமாயிற்று. 1860-இல் ஒரு சட்டமும், லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878-இல் புகழ்பெற்ற ஆயுதச் சட்டமும் வந்தன. உரிமமின்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கோ விலக்கு இருந்தது. ஆகவே குறிபார்த்துச் சுடுதல் என்னும் விளையாட்டு, தொடக்கத்தில் ஆள்வோரின் பொழுதுபோக்காகவும் அவர்களுடைய தொண்டர் படைகளின் பயிற்சியாகவும் அமைந்தது. ரேணிகுண்டா வழியே வண்டிகளை ஓட்டிய மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா இரயில்வேக்குக்கூட, ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்திய ஊழியர்களைக் கொண்ட துணைப்படை ஒன்று இருந்தது. அதே இருப்புப்பாதையில் வேலை செய்த உள்ளூர்க் கூலியாளுக்குத் துப்பாக்கி என்பது பிறர் தோளில் காணும் பொருள்.

இந்த வேறுபாடு விடுதலை இயக்கத்தின் மனத்தில் ஆழமாகத் தைத்தது. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே, 1930 ஜனவரியில் வைஸ்ராய் இர்வின்முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்கான துப்பாக்கி உரிமங்களை மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு வழங்க வேண்டும் என்பதையும் சேர்த்திருந்தார். 1931-இல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்திலும், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது. ஆயினும் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அவ்வுரிமையைச் சேர்க்கக் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. பிரிவினையின் குருதி காயாத நாட்கள் அவை. கேட்டவர்களே ஆட்சியாளரானபோது, கேட்டதைக் கொடுக்கத் தயங்கினர்.

இக்கட்டத்தில் சித்தூர்ச் சீமை மீண்டும் கதைக்குள் வருகிறது. 1951-இல் இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவர் ஜி.வி. மவலங்கர், முதல் மக்களவையின் சபாநாயகரும் அவரே. அவருக்குத் துணைச் சபாநாயகராக இருந்தவர், திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891-இல் பிறந்து சித்தூரில் வழக்கறிஞராகத் தொழில் செய்த அனந்தசயனம் ஐயங்கார். 1956-இல் மவலங்கர் மறைந்ததும் அவ்விருக்கையில் அமர்ந்தவரும் ஐயங்காரே. 1957 தேர்தலில் அவர் வென்ற தொகுதி சித்தூர். இன்றளவும் நடப்பிலுள்ள 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் மக்களவையில் நிறைவேறியபோது சபாநாயகர் அவர்தான். காலனியச் சட்டம் நீங்கியது. இன வேறுபாடு இல்லை. ஆனால் உரிமம் என்னும் வாயில் அப்படியே நின்றது.

இனி விளையாட்டுக்கு வருவோம். 'பிராக்டிகல் ஷூட்டிங்' எனப்படும் செயல்முறைக் கைத்துப்பாக்கிப் போட்டி, 1950-களில் கலிபோர்னியாவில் ஜெஃப் கூப்பரும் அவர் தோழர்களும் நடத்திய பந்தயங்களில் முளைத்தது. 1976 மே மாதம் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் அதற்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று. துல்லியம், ஆற்றல், வேகம் ஆகிய மூன்றையும் சமன் செய்வதே அதன் இலக்கணம். போட்டியாளர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, நகர்ந்துகொண்டே, காகித இலக்குகளையும் எஃகுத் தகடுகளையும் சுடுகிறார். பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவதே மதிப்பெண். 12 தோட்டாக்களில் முழு 60 புள்ளி பெற்று 10 நொடி எடுத்தவருக்கு 6. சற்றுப் பிசகி 54 புள்ளி பெற்றாலும் 8 நொடியில் முடித்தவருக்கு 6.75. பதற்றத்தில் இலக்கைத் தவறவிட்டால் ஒவ்வொரு தவறுக்கும் 10 புள்ளி குறையும். துப்பாக்கி கை நழுவி விழுந்தாலோ, அதன் வாய் பாதுகாப்பான கோணத்தைத் தாண்டித் திரும்பினாலோ போட்டியிலிருந்தே வெளியேற்றம். அங்கே திறமைக்கு முன்னால் ஒழுங்கு நிற்கிறது.

இப்போட்டிக்கு வேண்டிய குறைந்த அளவு 9×19 மில்லிமீட்டர் தோட்டா. இந்தியாவிலோ படையும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. சாதாரணக் குடிமகனுக்கு எளிதில் உரிமம் கிட்டாது. ஆகவே நகர்ந்து, மறைந்து, விரைந்து சுடும் பயிற்சி இங்கே பெரும்பாலும் சீருடை அணிந்தோருக்கே உரியது. பாளையக் காவல்காரரின் திறன் கல்யாணி அணையருகிலுள்ள காவலர் பயிற்சிக் கல்லூரி போன்ற நிறுவனங்களுக்குள் சென்று சேர்ந்துவிட்டது எனலாம்.

எனினும் தொடங்குவோருக்கு வழி அடைபடவில்லை. 0.177 அங்குலத்துக்கு மேற்படாத விட்டமும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை. பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் மட்டுமே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது இப்பிரிவில்தான். பள்ளி, கல்லூரி மாணவருக்குத் தேசிய மாணவர் படையின் .22 ரைபிள் பயிற்சி மற்றொரு வாயில். சங்கத்தில் சேர்தல், மாநிலப் போட்டி, மவலங்கர் பெயரிலான போட்டி, தேசியப் போட்டி என ஏணி நீள்கிறது. தோட்டாத் துப்பாக்கிக்கு உரிமம் கோருவோர் 21 வயது நிறைந்து, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் பெற்று, காவல்துறை விசாரணையையும் கடக்க வேண்டும்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று இளையோர் கேட்பது இயல்பு. 2015 நவம்பரில் சித்தூர் மாநகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே மேயர் கட்டாரி அனுராதா சுட்டுக் கொல்லப்பட்டதை இந்நகரம் மறக்கவில்லை. இங்கே துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் பதக்கம் நினைவுக்கு வருமுன் அச்சம் வருகிறதென்றால் அதற்குக் காரணம் உண்டு. 1878-இன் சட்டம் மக்கள்மீது கொண்ட அவநம்பிக்கையில் பிறந்தது. இன்றைய உரிமமுறை மக்களின் அச்சத்துக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

பாளையக்காரரிடம் ஊர் துப்பாக்கியை ஒப்படைத்தது, களவு போனால் அவர் ஈடு கட்டுவார் என்னும் பொறுப்பின் பேரில். அப்பொறுப்பு தளர்ந்த இடத்தில் ஆயுதம் கொடுமையாயிற்று. பயிற்சிக்கூடத்தில் புதியவருக்குச் சொல்லப்படும் முதல் பாடமும் அந்தப் பொறுப்பைப் பற்றியதே: சுடும் கணம் வரும்வரை விரல் விசையைத் தொடலாகாது. சித்தூர்ச் சீமையின் இளைஞர் ஒருவர் அப்பாடத்தைக் கற்று, 11.5 மில்லிமீட்டர் வளையத்தை நோக்கிக் கையை உயர்த்தும்போது, இரு நூற்றாண்டாக இம்மண்ணில் நிற்கும் வினாவுக்கு அவர் தம் அளவில் ஒரு விடை தருகிறார்.