அப்பாயியின் புளியங்கொட்டைக் கணக்கு

என் அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பத்திரமோ மணியார்டரோ எது வந்தாலும் பெருவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார். ஆனால் கும்பகோணம் கடைத்தெருவில் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் கடைக்காரர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். அரிசி வாங்கப் போனால் சொந்தப் படியைக் கையோடு எடுத்துக்கொண்டு போவார். "உன் படிக்கு அடியில ஒடுக்கு இருக்குப்பா. என் படிக்கு ஒடுக்கு இல்ல, எனக்குத்தான் வயசாயிடுச்சு" என்பார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அளப்பார். அப்பாயி சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. இன்றைய பிள்ளைகளுக்குப் பழைய கணக்கைச் சொன்னால் தலை சுற்றும். ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 4 பைசா. அந்தப் பைசாவைத்தான் காலணா என்போம். ஒரு காலணாவுக்கு 3 பை. ஆக ரூபாய்க்கு 192 பை. யுத்த காலத்தில் அடித்த நடுவில் துளை போட்ட ஓட்டைக் காலணா என் சிறுவயதிலும் புழங்கியது. அதைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்ட பையன்கள் எங்கள் தெருவில் உண்டு.

இவ்வளவு சிக்கலான கணக்கை எழுத்தறியாத அப்பாயி எப்படி மனத்திலேயே போட்டார்? எனக்கு அது வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. பழைய கணக்கு முழுவதும் பாதி பாதியாகப் போவது. ரூபாயில் பாதி எட்டணா, அதில் பாதி நாலணா, அதில் பாதி இரண்டணா, அதில் பாதி ஓரணா. படியும் அப்படியே. படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பாடிப் பாடி மனப்பாடம் செய்த வாய்ப்பாடுகளும் இந்த வழியில்தான் போகும். தென்னை ஓலையை மடிப்பதுபோல மடித்துக்கொண்டே போகலாம். காகிதமும் பென்சிலும் தேவையில்லை.

நூறு அப்படி மடியாது. நான் பெருமையாகப் புதுக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தபோது அப்பாயி கேட்டார்: "நூறுல பாதி?"

"அம்பது."

"அதுல பாதி?"

"இருபத்தஞ்சு."

"அதுல பாதி?"

பன்னிரண்டரை என்று சொல்லிவிட்டு விழித்தேன். "மூணாவது மடிப்புலயே உடையுதேடா! இதை எவன் கண்டுபிடிச்சான்?" என்றார்.

சில வருஷம் பழைய காசும் புதுக் காசும் சேர்ந்தே புழங்கின. அதற்காக மாற்று அட்டவணை ஒன்று கடைகளில் தொங்கியது. ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. சரியாகப் பார்த்தால் ஓரணா என்பது ஆறேகால். அந்தக் கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது என்பதால் இப்படி முழுசாக்கியிருந்தார்கள். இதில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. நாலணாக் காசைக் கொடுத்து, நாலு கடையில் ஓரணா ஓரணாவாக வாங்கினால் 24 நயா பைசாதான் செலவு. மிச்சம் ஒன்று.

அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவன் நான். அப்பாயி தினமும் ஒரு நாலணா கொடுத்து வெற்றிலை, புகையிலை, கீரை, பொட்டுக்கடலை என்று நாலு இடத்துக்கு அனுப்புவார். நான் சட்டைப் பொத்தான் அளவே இருந்த அந்த ஒரு நயா பைசாவைப் பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைப்பேன். திருட்டு என்றே தோன்றவில்லை. சர்க்கார் எனக்கென்று விட்டு வைத்த காசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பாயி ஒரு கொட்டாங்குச்சியை என் முன்னால் வைத்தார். உள்ளே புளியங்கொட்டைகள்.

"எண்ணு."

"பதினாறு இருக்கு அப்பாயி."

"உன் டப்பாவுல எத்தனை இருக்கு?"

நான் ஓடிப் போய் எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தினமும் 25 கொட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்கு ஆறு ஆறாகத் தள்ளி, மிஞ்சிய ஒன்றைக் கொட்டாங்குச்சியில் போட்டிருக்கிறார். பதினாறு நாள் பொறுத்துப் பார்த்திருக்கிறார், நானாகச் சொல்கிறேனா என்று.

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. தாத்தா இறந்த வருஷத்துக் கதையைச் சொன்னார். கடனை அடைக்க இரண்டு மா நிலத்தை விற்றாராம். எங்கள் பக்கத்தில் ஒரு மா என்றால் நூறு குழி. சர்க்கார் கணக்கில் 33 சென்ட். இரண்டு மாவுக்கு 66 சென்ட் என்று எழுத வேண்டிய பத்திரத்தில் 75 என்று எழுதிவிட்டார்கள். மாவும் குழியும் அப்பாயிக்கு விரல் நுனியில். சென்ட் என்னவென்று தெரியாது. பெருவிரலை வைத்துவிட்டார். அடுத்த சாகுபடிக்கு வரப்பு நகர்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒன்பது சென்ட், அதாவது 27 குழி போயிற்று.

"அளவு மாறுற போதெல்லாம் நடுவுல ஒருத்தன் வந்து நிக்கிறான்டா. அன்னைக்கு எவனோ நின்னான். இன்னைக்கு என் பேரன் நிக்கிறான்."

அவ்வளவுதான் சொன்னார். டப்பாவை வாங்கித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

நான் பழைய கணக்குக்குக் கொடி பிடிப்பதாக நினைக்க வேண்டாம். படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது. பட்டணம் படி வேறு, எங்கள் ஊர்ப் படி வேறு. அந்தக் குழப்பத்தில் லாபம் பார்த்த வியாபாரிகள் ஏராளம். 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் புழக்கத்துக்கு வந்தது நாட்டுக்கு நல்லதுதான். அப்பாயிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. வீசைக்குப் பதில் கிலோ என்றதும், "ஒண்ணே கால் கிலோவுக்கும் மேல வருமேடா வீசை! அதே விலையைச் சொல்றானே" என்று கடையில் சண்டை பிடித்தார். வீசை என்பது சுமார் 1.4 கிலோ. சண்டை நியாயமானதே.

பிறகு 1967 தேர்தல் வந்தது. அரிசிப் பஞ்சமான நேரம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. சட்டப்படி படி ஒழிந்து சில வருஷம் ஆகியிருந்தும், ஓட்டுக் கேட்க வந்தபோது கிலோ கைகொடுக்கவில்லை. காங்கிரஸ் தோற்றது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் உள்படக் காரணங்கள் பல. அப்பாயியின் ஆய்வு முடிவு ஒரே வரிதான்: "படியை ஒழிச்சாங்க; படி அவங்களை ஒழிச்சிடுச்சு." பரண் மேல் ஏற்றியிருந்த படியை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்தார்.

1969-இல் எனக்கு வங்கியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கிளம்பும் நாளில் அப்பாயி டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக் கையில் வைத்தார். பதினாறு ஒரு பைசாக் காசுகள்.

"அடுத்தவன் காசை எண்ணப் போற. முதல்ல இதை எண்ணிப் பாத்துக்க."

"வட்டி எங்க அப்பாயி?" என்று கேட்டேன்.

"உன்னைப் படிக்க வச்சது யாருடா?" என்றார்.

முப்பத்தெட்டு வருஷம் கவுண்ட்டரிலும் மேஜையிலும் உட்கார்ந்தேன். கைநாட்டு வைப்பவர்கள் வந்தால் பணத்தை ஒருமுறை உரக்க எண்ணி, மறுபடி அவர்கள் கையாலேயே எண்ணச் சொல்வேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். எண்ணி முடியும்வரை அடுத்தவரைக் கூப்பிட மாட்டேன்.

2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. எல்லாரையும்போல வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஒரு மூதாட்டி இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து, மடித்த நோட்டுகளை என்னிடம் நீட்டி, "சாமி, இது எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு" என்றார். மறுபடி ஒரு மாற்றம். நடுவில் நிற்பது மறுபடி நான். உரக்க எண்ணினேன், இரண்டு தடவை. அதன்பிறகு நோட்டுகளை அவர் கையில் கொடுத்து, "நீங்களும் ஒருவாட்டி எண்ணிடுங்கம்மா" என்றேன்.