எல்லா ரயிலும் கரன்ட்லதான் ஓடுது, அப்புறம் எதுக்கு ‘எலெக்ட்ரிக் ட்ரெயின்’?

சென்னையில ஒருத்தர் “எலெக்ட்ரிக் ட்ரெயின்ல வந்தேன்”னு சொன்னா, அவர் லோக்கல்ல வந்திருக்கார்னு அர்த்தம். கோயம்புத்தூர் இன்டர்சிட்டியும் கரன்ட்லதான் ஓடுது, வந்தே பாரத்தும் அப்படித்தான். ஆனா அதையெல்லாம் நாம அப்படிக் கூப்பிடறதில்லை. ஸ்டீம் என்ஜின் புகை கக்கிக்கிட்டு இருந்த காலத்துல, புகையில்லாம வந்த ஒரே ரயிலுக்கு வச்ச பேரு இது. அப்படியே ஒட்டிக்கிச்சு.

இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாயில், விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. மெட்ராஸுக்கு அது வந்து சேர ஆறு வருஷம் ஆச்சு. 1931 மே 11, பீச்சிலிருந்து தாம்பரம். பம்பாயில் அகலப்பாதை, இங்கே தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ். அந்தக் குட்டித் தண்டவாளத்தில் மின்சார ரயில் ஓடியது இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை.

எங்க அப்பாவுக்கு பாரிமுனையில வேலை, குரோம்பேட்டையில வாடகை வீடு. இந்த ரயில் இல்லைன்னா அந்த வீட்டைப் பத்தி அவர் யோசிச்சிருக்கவே மாட்டார். அதனால எனக்கு இது கொஞ்சம் சொந்த விஷயம்.

சரி, ஸ்டீம் ரயிலைவிட இது எதுல ஒசத்தி? வேகம்னுதான் எல்லாரும் நினைப்போம். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. பீச்–தாம்பரம் சுமார் 29 கிலோமீட்டர். இன்னைக்கு இருக்கிற 18 ஸ்டேஷனை வச்சுப் பார்த்தா, ரெண்டு கிலோமீட்டர் போறதுக்குள்ள அடுத்த ஸ்டேஷன் வந்துடும். அங்கே உச்ச வேகத்தை வச்சு என்ன பண்றது? எவ்வளவு சீக்கிரம் கிளம்புறோம், எவ்வளவு சீக்கிரம் நிக்கிறோம், அதான் விஷயம்.

ஸ்டீம் ரயிலில் முன்னாடி இருக்கிற ஒரே என்ஜின்தான் எல்லாப் பெட்டியையும் இழுக்கணும். தண்டவாளத்தைப் பிடிச்சுத் தள்ளுறது அதோட சக்கரங்கள் மட்டும்தான். அவசரப்பட்டா சக்கரம் நின்ன இடத்திலேயே வழுக்கிச் சுத்தும். மின்சார ரயிலில் தனி என்ஜினே கிடையாது. சில பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார் இருக்கும். அது மோட்டார் கோச். மத்தது வெறும் டிரெய்லர். மோட்டார் கோச்சில் ஏறி நிக்கிற கூட்டத்தோட எடையே அந்தச் சக்கரங்களுக்குப் பிடிமானமாகிடும். ஆபீஸ் டைம்ல நம்மளை மிதிச்சுத் தள்ற கூட்டத்தால ஒரு உபகாரம் உண்டுன்னா அது இதுதான்!

பல மோட்டார் கோச்சுகளை முன்னால் இருக்கிற ஒரே கைப்பிடியால் இயக்கும் முறையை உருவாக்கியவர் ஃபிராங்க் ஸ்ப்ரேக். 1897-ல் சிகாகோ மேம்பால ரயிலுக்காகச் செஞ்சது. இதோட பெரிய லாபம் கடைசி ஸ்டேஷன்லதான் தெரியும். ஸ்டீம் என்ஜினைக் கழட்டி, சுத்திக் கொண்டுபோய் மறுமுனையில மாட்டணும். எலெக்ட்ரிக் ட்ரெயின்ல டிரைவர் பிளாட்ஃபார்ம்ல நடந்து மறுமுனை கேபினுக்குப் போனா போதும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த மோட்டார்தான். அது ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உட்காரணும். அகலப்பாதையில தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜில் வெறும் 1000. அந்தச் சந்துக்குள்ளதான் மோட்டாரையும் பல்சக்கரத்தையும் திணிக்கணும். நல்லவேளையா, டிசி சீரிஸ் மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு: நின்ன இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் அதோட இழுவை உச்சத்துல இருக்கும். ஆனா மொத்த கரன்ட்டையும் எடுத்த எடுப்பிலேயே விட்டா கருகிடும். அதனால ரெசிஸ்டன்ஸ் வழியா, படிப்படியா விடுவாங்க. ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு சின்னக் குலுக்கல். அந்த ரெசிஸ்டன்ஸ்ல போற மின்சாரம் வெறும் சூடாகி வீணாகும்.

1931-ல் மேலே ஓடிய கம்பியில் 1500 வோல்ட் டிசி. அவ்வளவு குறைஞ்ச வோல்டேஜுக்கு ஏகப்பட்ட கரன்ட் வேணும், தடிமனான செம்பு வேணும், அடிக்கடி சப்ஸ்டேஷன் வேணும். 1967-ல் இதை 25,000 வோல்ட் ஏசியாக மாத்தினாங்க. அதே சக்திக்குக் கம்பியில் ஓடும் கரன்ட் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழ போயிடுச்சு. ஆனா பெட்டிக்கு அடியில் இருந்தது அப்பவும் டிசி மோட்டார்தான். அதனால டிரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபையரும் ரயில்லயே ஏறிக்கிச்சு. சப்ஸ்டேஷன் பார்த்த வேலையில பாதியை ரயிலே சுமந்துக்கிட்டு ஓடுச்சுன்னு வச்சுக்கங்க.

2004 ஜூலை 1-ம் தேதியோட பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்னுபோச்சு. இப்ப ஓடுறது எல்லாம் அகலப்பாதை. இந்த லைனுக்காக வாங்கின பழைய மின்சார என்ஜின் ஒண்ணு டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கு.

“சின்ன ட்ரெயின் டக்குனு கிளம்பும்டா, இது யோசிச்சுட்டுக் கிளம்புது”ன்னு அப்பா இன்னும் சொல்வார். அதுல பாதி பாசம்தான்னு எனக்குத் தெரியும். போன வாரம் குரோம்பேட்டையில நின்னுக்கிட்டிருந்தப்ப, கிளம்பின வண்டியையே பார்த்துட்டு, கையில வாட்சைத் திருப்பி வச்சு செகண்ட் எண்ணிக்கிட்டிருந்தார்.